மணியைக் குளிப்பாட்டிய கன்னியாஸ்திரிகள்

திரையில் நாலைந்து கன்னியாஸ்திரிகள் ஒரு பெரிய கோயில் மணியைக் கயிற்றில் கட்டி ஆற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஏன் இறக்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்த யோசனை எனக்கு வந்தது அப்போதுதான்: தெரியாது என்று சொல்வதை விட, தெரிந்த ஆள் மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவது சுலபம்.

"மணியிலை பேய் புகுந்திட்டுது," என்றேன். "அதுதான் ஆத்திலை வைச்சுக் கழுவுகினம்."

எங்கள் பேஸ்மென்றில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த செபக்கூட்டம் மொத்தமாக 'ஆ' என்றது. எனக்கு அப்போது பத்து வயது. ரீவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்து, பழைய கறுப்பு வெள்ளைப் பிரெஞ்சுப் படம் ஒன்றைத் தமிழில் சொல்லும் வேலை என்னிடம் தரப்பட்டிருந்தது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. அது ஒரு பரீட்சை.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. நான் அங்கே போகவில்லை. பாடங்களைப் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு வேறொரு பள்ளிக்கூடத்தில் இருந்தது. பிரெஞ்சு தெரிந்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்று அம்மாவுக்கு அவருடைய வேலையிடத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே ஏற்பாடு அம்மாவுடையது, கார் அப்பாவுடையது. மிசிசாகாவில் இரவு ஷிஃப்ட் முடித்து, நெடுஞ்சாலையில் இழுபட்டு வந்து சேரும் அப்பா, சப்பாத்தைக் கழற்றாமலே என்னை ஏற்றிக்கொண்டு மறுபடியும் புறப்படவேண்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணை மூடிவிடுவார். பச்சை வந்ததும் நான் சொல்லவேண்டும். அதைத் தமிழில்தான் சொல்வேன்.

அப்பாவின் சந்தேகமும் நியாயமானதுதான். கணக்கில் நான் எப்படி என்று அவரால் ஒரு பெருக்கலைக் கேட்டுப் பார்த்துவிட முடியும். ஆங்கிலத்தையும் ஒரு மாதிரிச் சமாளிப்பார். பிரெஞ்சை அந்த வீட்டில் யார் சோதிப்பது?

"இவள் அங்கை உண்மையிலை படிக்கிறாளோ, இல்லாட்டி வாய்க்குள்ளை ஏதோ முணுமுணுத்துப்போட்டு வாறாளோ, ஆருக்குத் தெரியும்?" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். அம்மா, 'அரசாங்க வேலை' என்பார்.

என்னுடைய காரணம் அரசாங்க வேலை அல்ல. வெள்ளிக்கிழமை கடைசி மணித்தியாலத்தில் எங்கள் ரீச்சர் சில்லுப் பூட்டிய மேசையில் ரீவியைத் தள்ளிக்கொண்டு வருவார். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஏதாவது ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தில் கொஞ்சத்தைப் போட்டுக் காட்டுவார். யாராவது ஏணியில் நின்று பெயின்ற் வாளிக்குள் விழுவார்கள். யாராவது பிழையான கதவைத் திறந்து பிழையான மனிசியிடம் அறை வாங்குவார்கள். பத்து வயதில் எனக்கு அதற்கு மேல் கலை தேவைப்படவில்லை. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் வாரம் முழுவதும் வினைச்சொற்களை விழுங்கினேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினால் வெள்ளிக்கிழமை போய்விடும்.

அந்த வருடம் மார்ச்சில், ரிக்கற் மலிவாகக் கிடைத்தது என்று, பாரிஸிலிருந்து மாமி வந்தார். அப்பாவின் அக்கா. நான் பிறக்க முந்தியே பாரிஸுக்குப் போய், அங்கே உணவகச் சமையலறைகளில் வேலை செய்து பிள்ளை வளர்த்தவர். குரலோ ஒலிபெருக்கி. வந்து இறங்கிய அன்றே எங்கள் சமையலறையைத் தன் வசமாக்கிக்கொண்டார்.

அப்பாவுக்குப் பெரிய நிம்மதி. "அக்கா கேட்டுச் சொல்லட்டும். சரியெண்டால் படிக்கட்டும், நான் கார் ஓடுறன். சரியில்லையெண்டால் செப்ரெம்பரிலை பக்கத்துப் பள்ளிக்கூடம்."

ஆனால் மாமி என்னைச் சோதிப்பதாக இல்லை. 'போன்ஜூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னேன். "போன்ஜூர், போன்ஜூர்," என்று அதிகாரத்தோடு சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று தமிழில் கேட்டார். அடுத்த நாள் அப்பா தொடங்கியபோது பயணக் களை என்றார். அதற்கடுத்த நாள் பல்வலி. பிறகு, "பிள்ளை இப்பதானே பள்ளிக்கூடத்தாலை வந்தது, சாப்பிட விடு தம்பி." என் பக்கம் நிற்கிறார் என்று நான் உருகிப்போனேன்.

அது ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம். எங்கள் செபக்கூட்டம் சனிக்கிழமை பின்னேரங்களில் முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடும். அந்தச் சனிக்கிழமை எங்கள் முறை. செபமாலை முடிந்ததும் தேத்தண்ணி, மீன் ரோல்ஸ், பிறகு ஒரு பக்திப்படம் என்பது வழக்கம். எப்போதும் அதே படம்தான். யேசுநாதர் பாடுபட்ட கதை, தமிழ்க் குரலில். அடுத்து யார் என்ன சொல்வார்கள் என்பது கைக்குழந்தைகளுக்கும் தெரியும்.

மாமி பாரிஸிலிருந்து அன்பளிப்பாக ஒரு படத்தட்டுக் கொண்டுவந்திருந்தார். அட்டையில் வெள்ளைத் தலைச்சீலைக் கன்னியாஸ்திரிகள் கைகூப்பி வரிசையாக நின்றார்கள். மேலே ஒரு மணிக்கூண்டு. இதைவிடப் பக்தியான அட்டையை யாரும் கண்டதில்லை.

"இந்தமுறை புதுசாய் ஒண்டு போடுவம்," என்றார் அம்மா.

"விளங்க வேணுமே?" என்றார் செபமாலை அங்கிள். செபமாலையைத் தொடங்குகிறவர் அவர் என்பதால் சிறுபிள்ளைகளுக்கு அவர் செபமாலை அங்கிள்.

அப்பா என் தோளில் கைவைத்தார். "சொல்ல ஆள் இருக்கு. அக்காவும் இருக்கிறா, பிழையெண்டால் திருத்துவா."

"ஓம் ஓம், பிள்ளை சொல்லட்டும்," என்று மாமி அவசரமாக ஒத்துக்கொண்டார். "நான் இடையிலை வாய் வைக்கமாட்டன்."

எந்த நாட்டுத் தட்டையும் ஓட்டும் டிவிடி பிளேயர் அந்தக் காலத்தில் எல்லாத் தமிழ் வீடுகளிலும் இருந்ததுபோல எங்களிடமும் இருந்தது. படம் தொடங்கிவிட்டது. திரையின் அடியில் எழுத்து எந்த மொழியிலும் வரவில்லை.

எங்கள் ரீச்சர் பிரெஞ்சு பேசினால் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வரும், கையும் கூடவே பேசும். இந்தக் கன்னியாஸ்திரிகளோ பயறு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினதுபோலப் பேசினார்கள். 'கதவு' பிடிபட்டது. 'சீக்கிரம்' பிடிபட்டது.

"கதவு எண்டு சொல்லுறா," என்றேன். "இவ, கெதியாய் எண்டு சொல்லுறா."

"ஏன் கெதியாய்?" என்று ஒரு அன்ரி கேட்டார். அப்பா கதிரையில் முன்னுக்கு வந்தார். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் செங்கல் சுவர் என் கண்ணுக்கு முன்னே எழும்பியது. அப்போதுதான் திரையில் அந்த மணி வந்தது, எனக்கு யோசனையும் வந்தது.

"பேயோ?" என்று யாரோ இழுத்தார்கள்.

செபமாலை அங்கிள்தான் என்னைக் காப்பாற்றினார். "சரியாய்த்தான் சொல்லுறாள். கோயில் மணிக்கும் ஞானஸ்நானம் மாதிரி ஒண்டு குடுக்கிறவை. பேர் வைச்சு, தீர்த்தம் தெளிச்சு."

பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. இவர்கள் பக்திப்படம் பார்க்க வந்தவர்கள். நான் அரைவாசி சொன்னால் மிச்சத்தை அவர்களே சொல்லிக்கொள்வார்கள். தொப்பை வைத்த துறவிகள் இருட்டில் வந்து ஆற்றிலிருந்து மணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "உவை உண்மையான பிறதர்மார் இல்லை, பேய் வேசம் போட்டு வந்திருக்கு," என்றேன். கன்னியாஸ்திரிகள் ஒரு மாட்டு வண்டிலில் வைக்கோலுக்குள் மணியை ஒளித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "பாத்தீங்களே, வைக்கலும் மாடும், பெத்லகேமைக் காட்டுறாங்கள்," என்றார் அங்கிள். மாடு வைக்கோலைத் தின்று தின்று மணி வெளியே தெரியத் தொடங்கியது. அங்கிள் ஒரு மீன் ரோலை எடுத்துக் கடித்தார்.

அடுத்ததாகச் சிற்றாலயம். எல்லாக் கன்னியாஸ்திரிகளும் முழங்காலில் நின்று, தேவைக்கு அதிகமான சத்தத்தில் பாடினார்கள். திரையில் பீடத்தைக் கண்டதுமே அங்கிள், "முழந்தாளிடுங்கோ," என்றார். பேஸ்மென்ற் முழுவதும் முழங்காலில் நின்றது. அவர் ஒரு மங்கள வார்த்தைச் செபத்தையும் தொடக்கிவிட்டார். அப்போது பீடத்துக்குப் பின்னால் இரண்டு இளம் கன்னியாஸ்திரிகள் மணியைக் கயிற்றில் மேலே இழுப்பது தெரிந்தது. கயிறு வழுக்கியது. மணி சரசரவென்று கீழே வந்தது. தலைமைக் கன்னியாஸ்திரி செபத்தை நிறுத்தாமல், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல், காலை மட்டும் நீட்டிக் கயிற்றை மிதித்தார். மணி அந்தரத்தில் நின்றது. அவருடைய சப்பாத்து மெல்ல மெல்லக் கழன்றது.

முழங்காலில் நிற்கும்போது சிரிக்கக்கூடாது. அதுவும் தபசு காலத்தில். ஒரு அன்ரி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அழுங்கோ அன்ரி," என்றார் செபமாலை அங்கிள் உருக்கமாக. "அழுறது நல்லது."

அந்த வார்த்தையோடு பின்வரிசையில் இன்னும் மூன்று பேர் அழத் தொடங்கினார்கள். எழும்பவும் முடியாது. திரையில் இருப்பவர்கள் எழும்பவில்லையே.

என் தம்பிக்கு ஆறு வயது. பக்தி இன்னும் பிடிபடாத வயது. "அக்கா இஸ் மேக்கிங் இற் அப்!" என்று கத்தினான். அம்மா அவன் வாயில் ஒரு ரோலை வைத்து அடைத்தார். நான் கதை கட்டுகிறேன் என்று விளங்குகிற அளவு ஆங்கிலம் அப்பாவுக்குத் தெரியும். அவர் என்னைப் பார்த்த பார்வையை அடைக்க எந்த ரோலும் உதவவில்லை.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. ஆயர், அதாவது பிஷப், மடத்துக்கு வந்துவிட்டார். தலைமைக் கன்னியாஸ்திரி வாசலை மறித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். மூச்சு விடாமல் பேசினார். கமரா அவர் முகத்தை விட்டு அசையவே இல்லை. மாடு இல்லை, மணி இல்லை, நான் பிடித்துக்கொள்ள ஒரு கயிறுகூட இல்லை. வெறும் பேச்சு. அதில் எனக்குப் பிடிபட்டது 'சூப்' என்ற ஒரு சொல்.

"என்ன சொல்லுறா?" அப்பாதான் கேட்டார். அதுவரை அவர் ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

புனிதர்கள் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு பொம்பிளை மூச்சு விடாமல் பேசும் நீண்ட பேச்சு ஒன்று வேண்டும். அப்படி ஒன்றுதான் எனக்கு முழுமையாகப் பாடம். வீட்டில் அடிக்கடி கேட்பது.

"நான் ஒருத்தி எத்தினையைத்தான் பாக்கிறது?" என்று தொடங்கினேன். "விடிய எழும்பிச் சமைச்சு, வேலைக்குப் போய், வந்து திரும்பவும் சமைச்சு. நீங்கள் வந்தால் கதிரை, கதிரையை விட்டால் கட்டில். குடிச்ச கோப்பையைக் கழுவி வைச்சால் கை தேஞ்சு போமோ? அலுப்பு உங்களுக்கு மட்டும்தானோ? ஒரு நாளாவது, 'நீ சாப்பிட்டியோ' எண்டு கேட்டனீங்களோ? நானும் மனிசிதானே?"

திரையில் ஆயர் ஒரு அடி பின்னுக்குப் போனார்.

"ஐயோ, எவ்வளவு சரியாய்ச் சொல்லுறா!" என்றார் அழுத அன்ரி. "ஆயரெண்டும் பாக்கேல்லை!" என்றார் இன்னொருவர். பெண்கள் பக்கத்தில் ஒரு எழுச்சியே உண்டாகிவிட்டது. "புனிதர்கள் உப்பிடித்தான்," என்றார் செபமாலை அங்கிள், கொஞ்சம் குரல் இறங்கி. "முகத்துக்கு நேரை சொல்லிப்போடுவினம்." அம்மா தேத்தண்ணித் தட்டோடு படிக்கட்டின் நடுவில் நின்றார். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

படம் முடிந்தது. மணி அடித்தது, எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா கைதட்டவில்லை. மாமியின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, இவள் சொன்னது சரியோ?"

எல்லாத் தலைகளும் மாமியின் பக்கம் போயின. நான் என் காலுறையின் பெருவிரல் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி கையில் இருந்த ரோலை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். உதட்டைத் துடைத்தார்.

"ஓம்," என்றார். "சொல்லுக்குச் சொல் அதுதான். அதுவும் கடைசியிலை அந்த மதர் கதைச்சது இருக்கே, ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்லிப்போட்டாள்."

அப்பா மாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கனநேரம் அம்மாவைப் பார்த்தார். "அப்ப சரி," என்றார்.

அடுத்த நாள் காலையில் அவர் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பரீட்சையில் நான் பாஸ் பண்ணிய சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். செப்ரெம்பரிலும் பிரெஞ்சு வகுப்புக்குத்தான் போனேன், வெள்ளிக்கிழமைகள் தப்பின. மாமி எனக்காக அத்தனை பேருக்கு முன்னால், செபமாலை கழுத்தில் தொங்க, பொய் சொன்னாரே என்று வெகுகாலம் நெகிழ்ந்துகொண்டிருந்தேன். உலகத்திலேயே என்னை அதிகம் விளங்கிக்கொண்ட ஆள் அவர்தான் என்று நம்பினேன்.

இப்போது பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறேன். ஒட்டாவாவில் அந்த அரசாங்க வேலை இன்னும் கிடைக்கும் என்று அம்மா நம்புகிறார். போன வருடம் ஒரு தவணைக்குப் பாரிஸ் போய் மாமி வீட்டில் தங்கினேன். போய்ச் சேர்ந்த வாரமே முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வழக்கமாக மகன்தான் கூட வருவானாம். அவன் வேலைக்காக வேறு ஊர் போய்விட்டான்.

டொக்ரர் கேட்க, மாமி என் முழங்கையை இடித்தார். "நீ கதை, பிள்ளை." மரியாதைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். டொக்ரர் மாமியையே நேராகப் பார்த்து, நோகிறது வலது காலா இடது காலா என்று கேட்டார்.

"வீ, வீ," என்று பிரெஞ்சில் ஓம் போட்டார் மாமி, சிரித்த முகத்தோடு.

டொக்ரர் திரும்பவும் கேட்டார், மெதுவாக. மாமியும் மெதுவாக, "வீ," என்றார்.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மாமி தானாகவே சொன்னார். "சமையலறையிலை எல்லாரும் எங்கடை ஆக்கள். கடை எங்கடை, கோயில் எங்கடை. வேலை முடிஞ்சு வந்தால் காலை நீட்டினால் போதுமெண்டு இருக்கும், ஆர் படிக்கப் போறது? சும்மா நாலு சொல்லு வைச்சுச் சமாளிச்சது." முழங்காலைத் தடவிக்கொண்டார். "அண்டைக்கு உங்கடை வீட்டிலை, உன்னை விட்டிட்டு என்னைச் சொல்லச் சொல்லிப் போடுவினமோ எண்டு பயந்து செத்தன். எல்லாரும், பாரிஸ் அக்கா, பாரிஸ் அக்கா எண்டு. நல்லகாலம் நீ இருந்தாய். எவ்வளவு வடிவாய்ச் சொன்னனீ!"

அந்த அறையில் பயந்துகொண்டிருந்தது நான் மட்டும் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். மாமி எனக்காகப் பொய் சொல்லவில்லை. தனக்காகத்தான் சொன்னார். அதைவிட மோசம், நான் சொன்ன கதையை அவர் நம்பியிருந்தார். பேய், மணி, பெத்லகேம், எல்லாவற்றையும்.

எனக்கும் அன்றைக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை என்று சொன்னேன். மாமி என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். அந்த ஒலிபெருக்கிக் குரலில், பெட்டி முழுவதும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனோம். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்:

"அப்ப அந்த மதர் உண்மையிலை என்ன சொன்னவ?"

எனக்குத் தெரியவில்லை. படத்தைத் தேடிப் பிடிக்கச் சில வாரம் ஆயிற்று. மடத்து மணியில் கீறல் விழுந்துவிடுகிறது, ஆயர் வரப்போகிறார், ஆற்றுக்கு அந்தப்பக்கம் உள்ள துறவிகளின் மணியைக் கன்னியாஸ்திரிகள் களவெடுத்து ஆற்றுக்குள் ஒளிக்கிறார்கள், துறவிகள் திருப்பிக் களவெடுக்கிறார்கள். படம் இவ்வளவுதான். மடத்துக்குள் மணியைக் கட்டி முடிக்கும்வரை ஆயரை வாசலில் மறித்து வைக்கத்தான் அந்தப் பேச்சு. அவர் சொன்னது வெங்காயச் சூப் வைக்கும் முறை. வெங்காயம் வெட்டுவதிலிருந்து மேலே சீஸ் தூவுவது வரை.

"சூப்பே?" என்றார் மாமி, ஏமாந்துபோய். "சூப்புக்கு ஆர் பயந்து பின்னாலை போவான்? இல்லை, நீ சொன்னதுதான் பொருத்தம்."

எது பொருத்தம் என்று பார்க்கத்தான் போகிறேன். வரும் மார்ச்சில் மாமி மறுபடியும் ஸ்காபரோ வருகிறார். அந்த வாசல் காட்சிக்குத் தமிழ்க் குரல் கொடுத்து, ஒருமுறை சூப்போடும் ஒருமுறை நான் சொன்ன பேச்சோடும் பதிவுசெய்து பார்க்கப்போகிறேன். தலைமைக் கன்னியாஸ்திரிக்கு மாமிதான். இப்போதே தொலைபேசியில் பழகுகிறார். இரண்டாவது பேச்சில் எனக்கு மறந்துபோன வரிகளை அம்மாவிடம் கேட்டேன். மறந்தவற்றோடு புதிதாகவும் கொஞ்சம் தந்தார்.

ஆயருக்கு ஒரு ஆண் குரல் வேண்டும். அன்றைக்கு அப்பாவுக்கு எவ்வளவு விளங்கியது என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. இந்த ஞாயிறு அவரிடம் போய்க் கேட்கப்போவது, ஆயராக நடிப்பீர்களா என்பதை மட்டும்தான். பெரிய வசனம் ஒன்றும் இல்லை. வாசலில் நின்று முழுவதையும் கேட்கவேண்டும். இடைக்கிடை 'ம்' சொல்லவேண்டும்.